யாரும் நடக்காத முடுக்கு

11 ஜூன் 2024
சாளைக் குழம்பு. ஒரு கிண்ணம் மெஹருன்னிசாவுக்குக் கொண்டுபோனேன். பின்வாசல் வழியே முடுக்கில் இறங்கினால் எதிரே அவள் அடுக்களை. அவள் புருஷன் சைபுதீன் அண்ணன் மௌத்தாகி அவள் இத்தா துக்கம் இருந்த மாதங்களில் வெளியே வரமுடியாது. நான்தான் தினமும் இந்த முடுக்கு வழியே போய் உட்கார்ந்திருப்பேன்.

இன்று சுவரில் நகராட்சி நோட்டீஸ். ‘பயன்பாட்டில் இல்லாத சந்து’ என்று முடுக்கை மூடி, பக்கத்தில் ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

பயன்பாட்டில் இல்லையா? அப்போ நான் ஆரு?

14 ஜூன்
ஆட்சேபணை மனு எழுதினேன். “ரெண்டு பொம்பளைய நடக்கதுக்கு ஒரு முடுக்கா வடிவு?” என்று இவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தித் தந்தார்.

20 ஜூன்
மழை. மெஹரு வரவில்லை.

22 ஜூன்
நானே போனேன். அவள் மகன் அஷ்ஃபாக் துபாயிலிருந்து வந்திருக்கிறான். வீட்டைக் காம்ப்ளக்ஸ்காரர்களுக்கே விற்கிறார்கள். முடுக்கும் சேர்ந்து கிடைத்தால்தான் அவர்கள் வாங்குவார்களாம்.

“உம்மா இஞ்ச தனியா கெடக்கா மாமி. பாத்ரூம்ல விழுந்தது உங்களுக்குத் தெரியும்லா? கோட்டாறுல பிளாட் பாத்தாச்சு.”

விழுந்தவளைத் தூக்கியதே நான்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மெஹரு அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

3 ஜூலை
நகராட்சியில் விசாரணை. “வேற யாரும்மா இதுல நடக்காங்க?” என்று என்ஜினீயர் கேட்டார். நான் மெஹருவைக் காட்டினேன். அவள் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இல்ல சார். அதுல ஆரும் நடக்கல்ல” என்றாள்.

என் மனு அத்தோடு முடிந்தது.

ஏட்டி மெஹரு, எனக்க அடுக்களையில இருந்து சாயா குடிச்சது பின்ன ஆருட்டி? வானத்துல பறந்தா வந்தா?

9 ஜூலை
பின்கதவைத் தட்டினாள். “வடிவு” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். திறக்கவில்லை.

30 ஜூலை
வேன் வந்தது. சாமான்கள் போயின. அவளும் போய்விட்டாள். இவர்தான் வாசலுக்குப் போய் வழியனுப்பினார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை?

19 ஆகஸ்ட்
முடுக்கின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள்.

12 செப்டம்பர்
அவள் வீட்டை இடிக்கிறார்கள். துவைத்த துணியெல்லாம் தூசி. மறுபடியும் துவைத்தேன்.

8 அக்டோபர்
“ஒருக்கா போய்ப் பாத்துட்டு வா” என்று இவரே கோட்டாறுக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

நாலாவது மாடி. கதவைத் திறந்த மெஹரு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவன் சோறுதானே இனி திங்கணும். அங்க வச்சு நான் வேற என்ன சொல்லுவேன்?” அதைக் கேட்கத்தான் போனேன். அவளே சொல்லிவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அஷ்ஃபாக் துபாய்க்குத் திரும்பிவிட்டான். மருமகள் தஸ்ரின் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். மெஹருவே சோறு போட்டாள். நன்றாக மெலிந்திருக்கிறாள்.

கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தாள். “வந்ததுல இருந்து நான் கீழ எறங்கல்ல வடிவு. படி எறங்க முட்டு சம்மதிக்காது. இதுல தனியா ஏற பேடியாக்கும், பயந்து வருது. தெனமும் பாங்கு கேக்கு. பள்ளி எந்தப் பக்கம்னுகூட தெரியாது.”

கையைப் பிடித்து லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டேன். இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டி, மெதுவாக, பள்ளிவாசல் தெரிகிற முக்கு வரை நடந்தோம். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொஞ்சநேரம் பார்த்து நின்றாள். “இத்தற பக்கத்துலயா?” என்றாள்.

திரும்பி வந்ததும் நாலாம் நம்பர் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். “நீயும் வா” என்றாள். “ஏட்டி, நீ போ, நான் இஞ்சதான் நிக்கேன்” என்றேன்.

மேலே போய்ச் சேர்ந்து கூப்பிட்டாள். மாடிப்படி வழியாகக் குரல் கேட்டது. பிறகுதான் நடந்தேன். ஊருக்குப் போகிற தக்கலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் வந்தேன்.