கருத்துச் சொன்ன கதவுக்காரன்

மார்ச் 4

பட்டறை ஷட்டர் இன்றும் பாதியில் மாட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவன் குனிந்துதான் உள்ளே போனேன். கையில் இருப்பது ஒரே வேலை, அதுவும் இந்த மாதத்தோடு சரி. என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே வெல்டர் என் முகத்தையே பார்க்கிறான்.

மத்தியானம் ஒரு கடிதம். அரசு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வருகிறதாம். டெண்டர் விடுவதற்கு முன்பே கதவு, லிஃப்ட், குழாய் கொடுக்கிறவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்கப்போகிறார்கள். இத்தனை வருடமாகச் சுவர் எழும்பிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும்.

மார்ச் 11

கூட்டம். பொறியாளர் அம்மா வரைபடத்தை விரித்து, "தயங்காம சொல்லுங்க. கட்டிட்டு இடிக்கிறதுக்குப் பதிலா இப்பவே தெரிஞ்சா நல்லது" என்றார்.

எனக்கா தயக்கம்! அறுவை சிகிச்சை அறைக்கு நகரும் கதவு போட்டிருக்கிறார்கள். அது நகர்ந்து போய் நிற்க வேண்டிய சுவரில் ஆக்சிஜன் குழாய் வருகிறது. கதவு எங்கே போகும்? வார்டு வாசலில் கட்டில் நுழையும், கூட வரும் நர்ஸ் நுழைய முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்ப் பென்சிலால் திருத்தியும் காட்டினேன்.

பக்கத்தில் இன்னொரு கதவுக் கம்பெனிக்காரர். தொழிலில் அவருக்குப் பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டிலிருந்த பிஸ்கட்டைத்தான் காலி பண்ணினார்.

வீட்டில் சொன்னதும் மனைவி, "எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். இவளுக்கு எதிலும் சந்தேகம்தான்.

மே 20

டெண்டர் வந்துவிட்டது. குழாய் எதிர்ச்சுவருக்குப் போயிருக்கிறது, வாசல் அகலமாகியிருக்கிறது. என் பென்சில் கோடு அச்சாகியிருக்கிறது! வெல்டரிடம் காட்டினேன். "நமக்குத்தாண்ணே" என்றான். விலை போட்டு அனுப்பினேன்.

ஜூலை 2

என் டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். விலை கூடுதல் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். வரைபடத்தைத் திருத்தியதில் எனக்குப் பங்கு உண்டாம். மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்கு முன்பே தெரியுமாம். அதனால் விதிப்படி நான் போட்டியில் இருக்கக் கூடாதாம்.

அட, எனக்கு யாருய்யா சொன்னா? நான்தானே சொன்னேன்! என்கிட்டேருந்து போன விஷயம் எனக்கே தெரியாம எப்படி இருக்கும்?

ஜூலை 3

பொறியாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எழுதிப் பார்த்துட்டேன். மேல ஒத்துக்கலை. உங்களுக்குக் குடுத்தா, உங்களுக்காகவே வரைஞ்சேன்னு என் வேலைக்கே உலை வைப்பாங்க."

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

ஜூலை 19

வேலை ஊமைக்கோட்டானுக்கு. வாயே திறக்காததால் அவருக்குப் பங்கு இல்லையாம்.

ஆகஸ்ட் 8

வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அண்ணே, ஊமைக்கோட்டான் கம்பெனில கூப்பிடுறாங்க. வீட்ல வேற நெருக்குறா…"

போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? போய்ட்டு வா என்றேன்.

அக்டோபர் 15

வெல்டர் போன் செய்தான். "அண்ணே, அந்த நகர்ற கதவு பாரம் தாங்க மேல எதுல மாட்டணும்? இங்க யாருக்கும் சரியா தெரியலை."

சொன்னேன். சொல்லாவிட்டால் ஒருநாள் யார் தலையிலாவது விழும். சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அழுகையாக வந்தது.

டிசம்பர் 3

மறுபடியும் கடிதம். ஆரம்பப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள், யோசனை வேண்டுமாம்.

"போங்க. வாயை மட்டும் திறக்காதீங்க" என்றாள் மனைவி. "இதுவும் போச்சுன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்."

டிசம்பர் 10

அதே அறை, அதே பொறியாளர் அம்மா. பிள்ளைகளின் கழிவறைக் கதவுகள் உள்பக்கம் திறப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள். இடமோ குறுகல். உள்ளே ஒரு குழந்தை மயங்கிக் கதவோரம் விழுந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"கதவைப் பத்தி யாருக்காவது ஏதாவது…" என்று கேட்டுவிட்டு அவர் என்னையே பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றேன்.

ஊமைக்கோட்டான் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.