ஆஞ்சிக்கு ஒரு கீபோர்டு, நம்ம மேஜைக்கு ஒண்ணு

ஆடுகோடி
செவ்வாய்க்கிழமை

ஆஞ்சி கண்ணுக்கு அப்பா எழுதறது. மாதா புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், என் வலது முட்டி மட்டும் நல்லா இல்ல, அது உங்கம்மா மாதிரி, என் பேச்சை என்னைக்குமே கேட்டதில்ல. அங்க நீயும் மாப்பிள்ளை லாயிட்டும் பொடிசும் குளிர்ல விறைக்காம சௌக்கியமா இருக்கீங்கன்னு நெனச்சுக்கறேன். பாட்டில் மூடி பேரை ஒரு வெளிநாட்டு ஊருக்கு வச்சிருக்காங்களே கார்க்னு, அங்க வேலை கிடைச்சிருக்குன்னு நீ சொன்ன அன்னைக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப அவ்வளவா சிரிப்பு வரல. போன்ல சொல்லாம எதுக்கு இந்த அப்பன் காகிதத்துல எழுதறான்னு கேப்ப. பக்கத்து வீட்டு க்ளென் சனிக்கிழமை உங்க ஊருக்குப் படிக்க வர்றான் இல்லையா, அவன் பெட்டியில உன் கீபோர்டு போகுது, அதோட இதையும் சொருகி அனுப்பறேன். போன்னா நீ நடுவுல பூந்து சண்டைக்கு வருவ, காகிதத்துக்கிட்ட என்ன பண்ணுவ? ஏழாவதோட நின்னவன் எழுத்து, தப்பு இருந்தா திருத்திக்கோ, மார்க் மட்டும் போடாதே.

நீ என்னென்ன கேட்டேன்னு மறக்கல. மெலிசா இருக்கணும், வயர் கூடாது, ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் தனியா ஸ்பிரிங் இருக்கற மெக்கானிக்கல் ஜாதியா இருக்கணும், ஆனா சத்தம் மட்டும் வரவே கூடாது. மாப்பிள்ளை பார்க்கறப்ப கூட நீ இத்தனை கண்டிஷன் போடலையேடி. லாயிட்டுகிட்ட நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, குறட்டை விடுவீங்களான்னு, அதுக்கும் அந்தப் புள்ள பொய் சொல்லிட்டான். உன் பழைய கறுப்பு கீபோர்டு மேல பொடிசு பாலைக் கொட்டினதுல இருந்து லேப்டாப்லயே தட்டித் தட்டி மணிக்கட்டு வலிக்குதுன்ன. அங்க கடையில விக்கறதுல ஈமெயில் நடுவுல வர்ற அட் குறி வேற எடத்துல இருக்கு, விரல் தடுமாறுது, பெங்களூர்ல விக்கற மாதிரிதான் வேணும்ன. பொடிசு உன் பக்கத்துலயே தூங்கறதால சத்தம் வேணாம்ன. எல்லாம் சரி. அந்தக் கடைசி கண்டிஷன்தான் எனக்கு ஒத்து வரல. ஏன்னு சொல்றேன் கேளு.

ஊரடங்கு சமயத்துல நீ ஹால்ல டைனிங் டேபிள்ல உக்காந்து ஆபீஸ் வேலை பார்த்தியே, அப்ப நாள் முழுக்க டக டக டகன்னு ஒரே சத்தம். சோளப்பொரி வறுக்கற வண்டியை வீட்டுக்குள்ள விட்டாச்சுன்னு உன்னைக் கிண்டல் பண்ணுவேன். உங்க மேனேஜர் மேல கோவம்னா சத்தம் வேற மாதிரி வரும், வெளிய போய் நிக்கலாம்னு நான் செருப்பு தேடுவேன். கார்க் போறப்பவும் நீ அந்தக் கறுப்பைத் தூக்கிட்டுப் போனியா, மத்தியானம் எனக்கு போன் போட்டுட்டு ஓரமா வச்சுட்டு உன் வேலையைப் பார்ப்ப. நான் சாப்பிட்டுட்டு கட்டில்ல சாஞ்சு போனை நெஞ்சு மேல வச்சுக்குவேன். நீயும் பேச மாட்ட, நானும் பேச மாட்டேன். டக டகன்னு வந்துக்கிட்டே இருக்கும், அப்படியே தூங்கிப் போவேன். சாலிட் தூக்கம். கம்பெனி பஸ் ஓட்டினவன் இல்லையா, இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்தாதான் எனக்கு நிம்மதி, இன்ஜின் நின்னா உடனே முழிப்பு வந்துரும். பால் கொட்டினப்புறம் உன் பக்கத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னு கத்துவேன். இருக்கேன்பா வேலை பண்றேன்ப. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கத்துவேன். ஒரு நாள், மீட்டிங் நடக்குது, எல்லாருக்கும் கேக்குது, ஏன்ப்பா இப்படிப் பண்றீங்கன்னு அழாத குறையா சொன்ன. அதுல இருந்து மத்தியானத்துல போன் வர்றது நின்னே போச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாட்டி முகத்தைக் காட்டற, பொடிசைக் காட்டற, சாப்டீங்களாங்கற, போயிடற. குத்தம் சொல்லல கண்ணு. கட்டில் ரொம்ப அமைதியா இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

நேத்து கம்ப்யூட்டர் சாமான் விக்கற எஸ்.பி. ரோடு போனேன். டவுன் ஹால்ல எறங்கி நடந்தேன், நடந்தேன்னு சொல்லக்கூடாது, ஜனமே தள்ளிக்கிட்டுப் போய் விட்டுச்சு. நரேஷ்னு ஒருத்தர் கடை, தலை முழுக்க நரை, என்னை அங்கிள்ங்கறாரு. நீங்க என்னை அங்கிள்னா நான் உங்களை தம்பின்னு கூப்பிட்டு தலைக்கு மை வாங்கித் தரணுமான்னு கேட்டேன், சிரிச்சுட்டு ஸ்டூல் எடுத்துப் போட்டாரு. கன்னடத்துல ஆரம்பிச்சு தமிழ்ல முடிக்கற ஆளு, நம்ம வீட்டு ஜாதிதான். மொதல்ல ஒண்ணு காட்டினாரு, செங்கல் கனம், கையை வச்சா மணிக்கட்டு பாம்பு படம் எடுக்கற மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. இது பேடா, வேணாம், பொண்ணுக்கு ஏற்கெனவே வலின்னேன். அப்புறம் மெலிசா ஒண்ணு எடுத்தாரு, கடலை மிட்டாய் தகடு மாதிரி, கை அப்படியே மேஜையோட மேஜையா படுத்துக்குது. நம்பர் பட்டன் எல்லாம் ஓரத்துல கிடையாது, அதனால மவுஸ் கைக்குப் பக்கத்துலயே வந்துரும், தோள் வலிக்காதாம். லேப்டாப், டேப், போன் மூணுலயும் ஒரு பட்டனை அமுத்தி மாத்தி மாத்தி அடிக்கலாமாம். சமையல்கட்டுல இருந்து படுக்கை ரூமுக்கு நீ பொடிசு பின்னாடி தூக்கிக்கிட்டு ஓடலாம். அடியில விளக்கு எரியுது, கல்யாண மண்டபம் மாதிரி, அதை அணைச்சு வச்சாதான் சார்ஜ் நாள்கணக்குல நிக்கும்னாரு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு பார்த்தா கலர்னு ஒண்ணை ஆரம்பிச்சாரு. பட்டனுக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் டப்பிக்கு கலர் உண்டாம். சிவப்புன்னா வெண்ணெய் மாதிரி எறங்கும், சத்தம் ரொம்பக் கம்மி. நீலம்னா ஒவ்வொரு தட்டுக்கும் டிக்குன்னு கேக்கும். பிரவுன் ரெண்டுக்கும் நடுவுல, மாமியாருக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நிக்கற நம்ம லாயிட் மாதிரி. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா தட்டச் சொன்னேன். அவரு ரெண்டு விரலால கோழி கொத்தற மாதிரி தட்டறாரு. அப்படி இல்ல, மேனேஜர் மேல கோவமா இருக்கற பொண்ணு மாதிரி தட்டுங்கன்னேன். பாவம், கடைக்கு வந்தவங்க எல்லாம் வேடிக்கை பார்க்க, மனுஷன் பத்து விரலையும் வச்சு வெளுத்து வாங்கினாரு. சிவப்புல ஒண்ணும் இல்ல. பிரவுன்ல கொஞ்சம். நீலத்துல தட்டினப்ப நான் கண்ணைத் தெறக்கல. கொஞ்ச நேரம் ஆச்சு போல இருக்கு, அங்கிள் ஆயிதா, முடிஞ்சுதான்னு தோளைத் தொட்டாரு.

அதனால ஆஞ்சி, நான் வாங்கினது நீலம். நீ போட்ட கண்டிஷனுக்கு சிவப்புதான் சரி, எனக்குத் தெரியும். கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லலாம்னு பார்த்தேன், அந்த நரேஷ் நல்ல மனுஷன், அவர் மேல பழி போட மனசு வரல. பொடிசு பழகிக்கும், விடு. நீ கைக்குழந்தையா இருக்கறப்ப பஸ் இன்ஜின் மூடி மேல துணியைப் போட்டுப் படுக்க வச்சா ஹொசூர் ரோடு பூரா தூங்கின கழுதை. உன் ரத்தம்தானே அது.

வியாழக்கிழமை

கடிதத்தை அன்னைக்கே மடிச்சு வச்சிருக்கலாம். நேத்து எனக்கு கை சும்மா இருக்கல. க்ளென் கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாம்னு நீலத்தை எடுத்து டைனிங் டேபிள்ல நீ உக்கார்ற எடத்துல வச்சேன். எதோடயும் கனெக்ட் பண்ணல, பண்ணவும் தெரியாது, சும்மா உன்னை மாதிரி நிமிர்ந்து உக்காந்து பத்து விரலாலயும் தட்ட ஆரம்பிச்சேன். நல்லாத்தான் வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு தட்டறேன், உங்கம்மா சமையல்கட்டுல இருந்து வந்து என் கைப்பக்கத்துல ஒரு கப்பை வச்சுட்டு, கொஞ்சம் எழுந்து நடடி, முதுகு என்னத்துக்கு ஆகும்னு சொல்றா. சொல்லிட்டு அப்புறம்தான் என்னைப் பார்த்தா. காபியைப் பார்த்தேன், உன்னோட காது உடைஞ்ச கப்பு. குடிச்சுப் பார்த்தா உனக்குப் போடற மாதிரியே சக்கரை இல்ல.

 கிழவனுக்குப் பைத்தியம்னு திட்டப் போறான்னு பார்த்தா, கைத்துணியை மடியில வச்சுக்கிட்டு எதிர் நாற்காலியில உக்காந்துட்டா. இன்னும் கொஞ்சம் தட்டுங்கன்னா. தட்டினேன். அடுப்புல பால் பொங்கி ஊத்தற வாசனை வந்துச்சு, அதுக்கும் எழுந்துக்கல. அப்புறம் மெதுவா சொன்னா, இந்தச் சத்தம் அவளுக்கு ஆகாதுங்க, நாம இங்க நிம்மதியா தூங்கணும்னு அந்தக் குழந்தையை எழுப்பி விடறதா, அவ கேட்டதை வாங்கி அனுப்புங்கன்னா. நீலத்தை எடுத்துக்கிட்டுப் போய் மாத்திட்டு வரட்டுமான்னு கேட்டேன். அது இங்கயே இருக்கட்டும்னா, நான் கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே.

அதனால திரும்ப எஸ்.பி. ரோடு. நரேஷ் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி விரலை எல்லாம் மடக்கிக் காட்டறாரு, இன்னைக்குத் தட்ட முடியாது அங்கிள், அன்னைக்குத் தட்டினதுல இருந்து வலின்னு. சிவப்பு ஒண்ணு குடுங்கன்னேன். அப்ப நீலம் யாருக்குன்னாரு. அதுவும் பொண்ணுக்குத்தான், அவ லீவுக்கு வந்தா உக்காந்து தட்டறதுக்குன்னேன். எப்ப வர்றாங்கன்னு கேட்டாரு. பில் போடுங்க சார்னேன்.

பெட்டியில நீ பார்க்கறது சிவப்பு, உன் கண்டிஷன் எல்லாம் பாஸ். மேல எழுதின நீலக் கதையை அடிச்சுடலாம்னு பார்த்தேன், உன் அப்பன் என்ன ஜாதின்னு தெரியட்டும்னு விட்டுட்டேன். இப்ப நான் சொல்றதைக் கேளு. மத்தியானம் பழையபடி போனைப் போடு. பேச வேணாம், மூஞ்சி காட்ட வேணாம். நீ சிவப்புல தட்டறது எனக்குக் கேக்காது, கேக்காட்டி பரவால்ல, ஹலோ ஹலோன்னு கத்த மாட்டேன், மாதா மேல சத்தியம். நீ காதுல மாட்டறதை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கோ. இங்க நான் நீலத்தைத் தட்டறேன். ஒரு எழுத்தும் எங்கயும் போய் விழாது, சத்தம் மட்டும் உன் காதுக்கு வரும், பொடிசு எழுந்துக்காது. மீட்டிங்னா என் சத்தத்தை அமுத்தி வச்சுக்கோ, முடிஞ்சதும் தெற. சத்தம் வந்தா அப்பன் லைன்ல இருக்கான்னு அர்த்தம். நடுவுல நின்னுச்சுன்னா பயந்துறாதே, உங்கம்மா காபி கொண்டாந்திருப்பா.

மணிக்கட்டுக்கு தைலம் வச்சிருக்கேன், ராத்திரி தடவிக்கோ, அந்தக் கையால பொடிசு கண்ணைத் தொட்டுறாதே. க்ளென் பையன் புதுசா வர்றான், ரெண்டு நாளைக்காவது சோறு போடு. கீபோர்டு பக்கத்துல பால் பாட்டில் வைக்காதே, வைக்காதே, வைக்காதே. லாயிட்டை நல்லாப் பார்த்துக்கோ, குறட்டையையும் பொறுத்துக்கோ. மாதா உங்க மூணு பேர் தலை மேலயும் கை வச்சு காப்பாத்துவா, அந்தக் கைக்குக் கீழ என் கையும் உங்கம்மா கையும் இருக்குன்னு நெனச்சுக்கோ.

லைன்ல இருக்கற
உன் அப்பன்
அலெக்சாண்டர்