நன்றியுரையில் நின்ற லாரிகள்

அக்கா,

இன்று சாயங்காலம் மைதாப் பசை காய்ச்சினேன். நாளைக்கு இனியாவின் பள்ளியில் ஆண்டு விழா. மேடையில் வண்ணக் காகிதம் ஒட்டுவதற்குப் பசை வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். போஸ்டர் பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க நாம் போடுகிற மயில்துத்தம் மட்டும் போடவில்லை, அது விஷம். பிள்ளைகள் ஒட்டுகிற சாக்கில் விரலை வாயில் வைத்துவிடுவார்கள் என்று பயம். என் பயங்கள்தான் உங்களுக்குத் தெரியுமே. மாவு கொதித்துக் கண்ணாடி போல ஆகும்போது ஒரு வாடை வருமே, பச்சை மாவும் இல்லாமல் வெந்த சோறும் இல்லாமல், அது வந்ததும் உங்கள் ஞாபகமும் வந்துவிட்டது. உங்கள் டீக்கடையின் பின்பக்கம் முழுக்க அந்த வாடைதான் இருக்கும். "கைய எடுக்காம கிண்டும்மா, கட்டி தட்டுனா போஸ்டர்ல தலைவரு மூஞ்சி சுருங்கிரும்" என்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபோது எதையும் எழுதத் தோன்றவில்லை. இவ்வளவு தாமதமாக இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாலிகண்டபுரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் பார்த்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இந்த சிமெண்ட் ஊருக்கு வந்தபோது முதலில் பழகிய முகம் உங்களுடையது. என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் எலக்ட்ரீசியன் வேலை. எங்கள் வீட்டுக்கு எதிரே, பள்ளிக்கூட முனையில், கம்பெனி ரோடு வந்து சேருமிடத்தில் உங்கள் கடை. காலையில் ஷிப்டு ஆட்களுக்கு இட்லி. சாயங்காலம் அதே கம்பெனியைத் திட்டி போஸ்டர். தலைவருடைய இயக்கத்தில் நம் ஊர் மகளிர் பொறுப்பு உங்களிடம் இருந்தது. போஸ்டரின் அடியில் 'இவண்' என்று போட்டுச் சின்ன எழுத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதை நீங்கள் ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அவங்ககிட்டயே யாவாரம் பண்ணிட்டு அவங்களயே திட்றீங்களேக்கா?"

"இட்லி திங்கிறவன் லாரிக்கு மொதலாளியாம்மா? அவனும் என்னய மாரிதான்" என்றீர்கள். பிறகு சட்னி வாளியைக் கழுவிக்கொண்டே, "ஆனா நீ கேட்டது சரிதான். எனக்கே சில நாளு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

லாரிதான் நம் எல்லாருடைய பிரச்சினையும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் சுரங்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று போனால் எதிர்ப்பக்கம் தெரியாது. புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இனியாவைப் பள்ளியில் சேர்க்கிற வயது வந்தும் நான் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம், சளியாக இருக்கிறது, இன்னும் பேச்சு தெளியவில்லை என்று வீட்டில் ஏதேதோ சொன்னேன். உண்மையான காரணம் உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"லாரி நிக்கிற வரைக்கும் புள்ளைய இடுப்புலயே வச்சிருப்பியா?"

"நிக்காதுக்கா."

"நிக்கும். தலைவரு வர்றாரு. அவரு கண்ணால பாத்தா விடமாட்டாரு."

உங்களுக்குத் தலைவர் மேல் அப்படியொரு நம்பிக்கை. பள்ளி நேரத்தில் மட்டுமாவது லாரியை நிறுத்துங்கள் என்று நாம் கேட்ட ஒவ்வொரு முறையும், உற்பத்தி நின்றுபோகும், முடியாது என்றுதான் கம்பெனியில் பதில் வந்தது. அதனால் நீங்களே திட்டம் போட்டீர்கள். தலைவர் கொடியேற்ற வருகிற நேரத்தைப் பள்ளி மணியடிக்கிற நேரமாகப் பார்த்து வைக்கச் சொன்னீர்கள். புழுதியும் லாரியும் பிள்ளைகளும் ஒன்றாக அவர் கண்ணில் பட வேண்டும் என்பது கணக்கு.

அன்றைக்குக் காலையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. விடிந்ததும் கம்பெனியின் தண்ணீர் டேங்கர் வந்து ரோட்டை நனைத்துவிட்டுப் போனது. இன்னொரு தடவை வந்து மறுபடியும் நனைத்தது. லாரிகள் எல்லாம் கேட்டுக்குள் வரிசையாக நின்றன. மழை பெய்து ஓய்ந்தது போல ஊர் பளிச்சென்று இருந்தது. தலைவர் வேனிலிருந்து இறங்கி, குழந்தைகளுடன் ஓரமாக நின்ற நம்மைப் பார்த்துக் கும்பிட்டு, "ரோடு நல்லாத்தானம்மா போட்டுருக்காங்க" என்றார்.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அதற்குள் பூ தூவினார்கள், மேளம் அடித்தார்கள், அவர் கடந்து போய்விட்டார்.

பந்தல் நாற்காலிகளின் முதுகில் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தது. கம்பெனி மன்றத்து நாற்காலிகள். முன்வரிசையில் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். போஸ்டரில் 'பதில் சொல்' என்று நாம் யாரைக் கேட்டோமோ அவரேதான். மாவட்டப் பொறுப்பாளர் உங்களைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"லாரி கீரின்னு எதுவும் இன்னிக்கு வேணாம்மா. அதெல்லாம் மேல பேசிக்கிட்டு இருக்கோம். நீங்க நன்றியுரை மட்டும் சொல்லிடுங்க."

"யாருக்குங்க நன்றி?"

"எல்லாருக்குந்தான்."

அந்த 'எல்லாருக்கும்' என்பதை எழுதிக் கொடுத்தவள் நான். நன்றியுரை உங்களுக்கு என்று முந்தின நாளே முடிவாகியிருந்ததால், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அன்றே என்னிடம் கேட்டிருந்தீர்கள். மைக் செட், பந்தல், காவல்துறை, வந்திருந்த பெரியவர்கள் என்று பெயர்களை வரிசையாக எழுதியிருந்தேன். அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தீர்கள். தலைவர் ஏழைகளைப் பற்றிப் பேசினார். எங்கெங்கோ இருக்கிற பணக்காரர்களை விளாசினார். கூட்டம் விசிலடித்தது. நம் ஊரில் புகைவிடுகிற கம்பெனியின் பெயர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. உங்கள் கண் கலங்கியிருந்தது. பெருமையா, வேறு ஏதாவதா என்று நான் பிறகும் கேட்டதில்லை.

நன்றியுரை என்றால் என்னவென்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அது ஆரம்பித்ததும் ஜனம் எழுந்துவிடும், நாற்காலியை மடிக்கிற சத்தத்தில் பேசுகிறவர் குரல் அமுங்கிவிடும். நீங்கள் மைக்கைப் பிடித்ததும் வேட்டியை உதறிக்கொண்டு நாலைந்து பேர் எழுந்தார்கள்.

"யாரும் எந்திரிக்காதீங்க, டீ வருது" என்றீர்கள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலைவரும்தான்.

என் பட்டியலை வரிசையாகப் படித்தீர்கள். கடைசிப் பெயருக்குப் பிறகு தாளை மடித்துவிட்டு, பார்க்காமல் பேசினீர்கள். "இன்னொரு முக்கியமான நன்றி இருக்கு. இன்னிக்கி காலையில பள்ளிக்கூடம் போற நேரத்துல ஒரு லாரி வரல. நீங்களே பாத்தீங்க. தெனமும் காலையிலயும் சாயங்காலமும் நம்ம புள்ளைங்க போயி வர்ற நேரத்துல இதே மாரி நிறுத்தி வைக்கப் போற கம்பெனி சாருக்கு நன்றி. அவருகிட்ட சொல்லி அத செய்ய வச்ச நம்ம தலைவருக்குக் கோடி நன்றி."

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டல் வந்தது, பிறகு பந்தல் முழுக்க. தலைவர் ஒரு நொடி மாவட்டப் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். கைதட்டலை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. எல்லாரும் தன்னையே பார்க்கும்போது அதிகாரியும் கை தட்டாமல் இருக்க முடியாது. அவர் தட்டினார், மெதுவாக, எங்கோ பார்த்துக்கொண்டு.

டீ வந்தது. உண்மையாகவே வந்தது. கடையிலிருந்த பால் முழுவதையும் காய்ச்சி, உங்கள் தம்பி வாளி வாளியாகக் கொண்டுவந்தார். "எல்லாருக்கும் எதுக்குக்கா இவ்ளோ?" என்று கேட்டேன். "வருதுன்னு சொல்லிட்டேன்ல. டீ கூட வரலன்னா அப்புறம் நான் சொன்ன எத நம்புவாங்க" என்றீர்கள்.

மறுநாள் காலை இனியாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடை வாசலில் நின்றேன். பள்ளி மணிக்குக் கொஞ்சம் முன்பு, தூரத்தில் முதல் லாரி தெரிந்தது. இனியாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது முனைக்கு முன்னால் ஓரம்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "மணியடிச்சு அடங்குற வரைக்கும் நிக்கச் சொல்லிட்டாங்கக்கா. ஒரு டீ போடு" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பாய்லருக்குப் பின்னால் நீங்கள் சிரித்த சிரிப்பு. "யாவாரத்துக்காகத்தான் நன்றி சொன்னேன்னு கெளப்பி விட்றாதீங்கடா" என்றீர்கள்.

அந்த வாரமே இனியாவைச் சேர்த்தேன்.

அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை என்பதும் நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரரை அதிகாரி கூப்பிட்டு, "பேச்ச எழுதிக் குடுத்தது உங்க வூட்லயாமே" என்று கேட்டிருக்கிறார். அவர் அன்று சாப்பிடாமல் படுத்தார். நான் அழுதுகொண்டே வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கம்பெனி ஆபீசுக்கே போனீர்கள். "அந்தப் புள்ள எழுதுனது பேருங்கதான் சார். நன்றி என்னோடது" என்றீர்களாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "உக்காரச் சொன்னாரு. காபி குடுத்தாங்க. என் டீ மாரி இல்ல" என்றீர்கள்.

அப்புறம் என் வீட்டுக்காரர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி கேட்டில் ஒரு போர்டு முளைத்தது: மாணவர் நலன் கருதி பள்ளி நேரத்தில் எங்கள் லாரிகள் இயங்குவதில்லை. எதிர்ச்சுவரில் இயக்கத்தின் போஸ்டர்: லாரிகளை நிறுத்திக் காட்டிய தலைவருக்கு நன்றி. அந்தப் போஸ்டரின் அடியில் உங்கள் பெயர் இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் உங்களைக் கூப்பிடவில்லை. அது உங்களுக்கு வலித்தது. மறைக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. அந்தப் போஸ்டருக்கு யாரோ கட்டி கட்டியாகப் பசை காய்ச்சியிருந்தார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னீர்கள்.

ஒரு சாயங்காலம் கேட்டேன், இன்னும் ஏன் அந்தக் கொடியைக் கடையில் வைத்திருக்கிறீர்கள் என்று. "தலைவரு நல்லவருதாம்மா. ஆனா அவருக்கும் பந்தல் வேணும்ல. கம்பெனிக்குக் கூட்டத்தக் கண்டா பயம். அவருக்குக் கூட்டம் இல்லன்னா பயம். அந்தக் கூட்டம் யாரு? நாமதான்" என்றீர்கள். கல்லூரியில் அரசியல் படித்தவள் நான். இதை யோசித்துக்கொண்டே அன்று பாத்திரம் கழுவினேன்.

நீங்கள் போன அன்று கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது. இயக்கத்துக்காரர்கள் கொடி போர்த்தினார்கள். வெயில் தாங்காமல் அந்த அதிகாரியும் மாவட்டப் பொறுப்பாளரும் உங்கள் கடைக் கூரையின் நிழலிலேயே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒருவரையொருவர் தெரியாத மாதிரி. தம்பி இருவருக்கும் டீ கொடுத்தார். திருமழபாடியில் கொள்ளிடத்தில் உங்களைக் கரைத்துவிட்டு வந்ததும் அவர் கடையைத் திறந்துவிட்டார். லாரிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இனியா இப்போது இரண்டாம் வகுப்பு. கூட்டாளிகளோடு தானே ரோட்டைக் கடக்கிறாள். நான் வாசலில் நின்று பார்ப்பதை நிறுத்தவில்லை, ஆனாலும் கையில் காபி டம்ளரோடு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன். காலையில் அந்தச் சிறு நேரம் ரோடு அமைதியாகிப் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்கும்போது மனசு நிறைந்துதான் இருக்கிறது அக்கா.

சாயங்காலம்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. புதிதாக வந்த லாரி காண்ட்ராக்டர், பள்ளி விடுவதற்குள் இரண்டு மூன்று வண்டிகளை விட்டுவிடுகிறார். கேட்டில் இருந்த போர்டின் எழுத்தும் மங்கிவிட்டது. நாளைய விழாவுக்கு ஷாமியானா கம்பெனி கொடுக்கிறது. சிறப்பு விருந்தினர் இயக்கத்தின் புதிய மாவட்டப் பொறுப்பாளர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருப்பதால் தலைமையாசிரியை என்னிடம், "நீங்க படிச்சவங்க, நன்றியுரை சொல்லிடுங்க" என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நன்றியோட நிறுத்திக்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்கால நேரத்தையும் சேத்துச் சொல்லு" என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. பெயர்களை எழுதி வைத்துவிட்டேன். கடைசி நன்றியை எழுதவில்லை. அதைப் பார்க்காமல்தான் சொல்ல வேண்டும்.

பசை ஆறியதும் பள்ளியில் கொடுத்துவிட்டு, வரும் வழியில் கடைக்குப் போனேன். தம்பியிடம், "நாளைக்கு நான் மைக்குல டீ வருதுன்னு சொல்லுவேன்" என்றேன். அவர் பால் கேனைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் பால்காரருக்குப் போன் போட்டார்.