ஊழியர்களுக்குக் கிடையாது

புது ஃபிளெக்ஸைச் சுருள் பிரித்தால் ஒரு நெடி வருமே, இன்று காலை அது ஆபீஸ் முழுக்க நிறைந்திருக்கிறது. எனக்கு உன் இருமல் கேட்கிறது. போன வருஷமும் இதே நெடிதான். கரமனையில், நம் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில், நம் டைல்ஸ் கம்பெனியின் இலவச மூச்சுப் பரிசோதனை முகாம். 'உங்கள் மூச்சு, எங்கள் அக்கறை' என்று பேனருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். சிஎஸ்ஆர் அதிகாரி, ஊருக்கு நல்லது செய்யக் கம்பெனி வைத்திருக்கும் பெரிய மனுஷன்!

நீ அரைவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் கல்பொடி தின்றவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேஷ்டியில், டோக்கனோடு வரிசையில் நின்றாய். உன்னைத் தனியே கூப்பிட்டேன்.

"உனக்குக் கிடையாதுடா. ஊழியர்களுக்குச் செஞ்சா சிஎஸ்ஆர்ல சேராது, ஆடிட்டர் வெட்டிடுவார். உனக்குத்தான் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கே?"

"அங்கே நெஞ்சுல கோளாறுன்னு எழுதிட்டா, மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேன்னா நிக்கணும், கேட்டியா? இங்கேன்னா யாருக்கும் தெரியாம பார்த்துக்கலாம்னு வந்தேன்." பிறகு சிரித்தாய். "அப்போ ராஜினாமா பண்ணிட்டு வரட்டா? வெறும் தெருக்காரனா ஆயிடுவேன், இல்லியோ?"

சிரிப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. டோக்கனை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டாய். வேறு ஏதாவது பெயரை எழுதி உன்னை உள்ளே விட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்கு ஆடிட்டர்தான் பெரிதாய்ப் போனார். வெட்கங்கெட்டவன் நான். முப்பத்திரண்டாம் நம்பர் டோக்கன் மாமா, ஒரு தொந்தரவும் இல்லாதவர், கன்னம் உப்ப ஊதினார். ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் படம்தான். அந்த அறிக்கை அச்சாகி வருவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்றைய பேனர் தையல் மெஷின் வழங்கும் விழாவுக்கு. பயனாளிகள் பட்டியலில் உன் மனைவியின் பெயர் இருக்கிறது. நீ இருந்தவரை அவள் ஊழியர் குடும்பம். இப்போது விதிப்படி தகுதி வந்துவிட்டதாம்.

நேற்று ஃபோனில் சொன்னேன்.

"வரேண்ணா. வேண்டாம்னு சொல்ற நிலைமையிலயா இருக்கேன்?" என்றவள் கேட்டாள்: "ஃபோட்டோவில சிரிக்கணுமோ?"

"வேண்டாம்மா" என்றேன். அந்த ஒரு விலக்கு கொடுக்க மட்டும் எனக்கு அதிகாரம் இருந்தது.

உன் டோக்கன் என் பர்ஸில்தான் இருக்கிறதடா. அன்று முப்பதுக்கு அப்புறம் நேராக முப்பத்திரண்டைக் கூப்பிட்டேன். முப்பத்தொன்றை யாரும் கூப்பிடவேயில்லை.