மருந்து குறைத்த துப்பாக்கி

உங்களுக்கு,

களியும் கீரைக் குழம்பும் அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். கன்னையாவை அழைத்துக்கொண்டு பிச்சாட்டூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோள் வலிக்கும் என்று நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்தைப் பாதியாகக் குறைத்தீர்கள். தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையில் என் பழைய புடவையைச் சுற்றினீர்கள். வெடிச் சத்தம் தாங்க அவன் காதில் பஞ்சும் வைத்தீர்கள். மருந்து குறைந்ததால் நேற்று அவன் சுட்ட காட்டுப்பன்றி சாகவில்லை. இடுப்பொடிந்து, கடலைக் கொல்லையில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

“கத்திக்கினே போவுது நைனா, இன்னொரு வாட்டி சுடு” என்று பிள்ளை கெஞ்சியிருக்கிறான்.

“உட்றா, தானா செத்துப்பூடும். நாளைக்குச் சந்தைக்குப் போய்வந்து தூக்கிக்கலாம்” என்றீர்களாம். வந்து வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினீர்கள். அவன் ஒரு வாய் தொடவில்லை.

இன்று நீங்கள் புத்தூர் சந்தைக்குக் கிளம்பியதும் நாங்கள் தேடிப் போனோம். கால்வாய் ஓரம் இன்னும் மூச்சோடு கிடந்தது. கொடுவாளால் நான்தான் முடித்தேன். உங்களை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

தாட்சாயணி

நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் எல்லை மனுவுக்குக் கையெழுத்து வாங்க, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வருவார். போட்டுவிடுங்கள்.

கறிக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். புதைத்துவிட்டோம். குழி முழுக்க அவனே வெட்டினான், என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை.