முப்பத்தோராம் நாள்

வியாழன், ஆவணி 19

அப்பாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, நேற்று முடிந்தது. இன்று காலை கந்தையா மாமா வந்து நிற்கிறார். நெடுந்தீவிலிருந்து முதல் படகில் குறிகட்டுவான் வந்து, பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரம். அப்பாவுக்குப் பிடித்தது, படையலுக்கு.

பிழை என்னுடையது. செத்தவீட்டில் அவர், "முப்பத்தொண்டு என்ன கிழமையில வருது பிள்ளை?" என்று கேட்டார். முப்பத்தொன்றை ஏழால் வகுக்க மீதி மூன்று. அப்பா போனது திங்கள். திங்களோடு மூன்றைக் கூட்டி, யோசிக்காமல் "வியாழன், மாமா" என்றேன். இறந்த நாளே முதலாம் நாள். அப்படியென்றால் மீதி ஒன்றுக்குத் திங்கள், மூன்றுக்குப் புதன். தரம் ஒன்பதுப் பிள்ளைகள் இந்தப் பிழை விட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறவள் நான்.

பிறகு ஐயர் புதன் என்று சொல்ல, எல்லோருக்கும் போன் எடுத்தேன். மாமாவுக்கு மட்டும் எடுக்கவில்லை. அவருக்குச் சொல்லியாயிற்று என்பது நினைவிருந்தது, என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

"படையல் நேற்று முடிஞ்சுது மாமா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"மனிசி விரலை மடக்கி எண்ணிப்போட்டு, புதன் எண்டுதான் சொன்னவ. கணக்கு ரீச்சர் பிழையாச் சொல்லுவாவோ எண்டு நான்தான் அவவை ஏசினனான்."

மாமிக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.