நீ திரும்பப் பூட்டிய வயர்

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் பின்வாசலில் இன்று ஒரு லொறி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பீப், பீப் என்ற சத்தத்துக்கு எல்லோரும் முகம் சுளித்து விலகிப் போனார்கள். நான் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, வண்டி நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். நீ எங்களை விட்டுப் போன பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம் இது. உன்னைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் கதைப்பதில்லை. உனக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

புருசெத்தில் நம் அடுக்குமாடிகளுக்கிடையே பனி தள்ளும் வேலை உனக்குக் கிடைத்தபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு டிராக்டரோ?" என்று உன் அம்மா கேட்டார். "கார் ஓடலாம், டிராக்டர் மட்டும் கடிக்குமோ?" என்றாய். வேலை அந்த ஒரு குளிர்காலத்துக்குத்தான். குடியிருப்பவர்களிடமிருந்து முறைப்பாடு வராவிட்டால் நிரந்தரமாக்குவதாக நிர்வாகக் குழு சொல்லியிருந்தது. படிப்பை இடையில் விட்டு வந்த பிறகு நீ மனம்விட்டுச் சிரித்ததை அந்த டிராக்டரின் இருக்கையில்தான் முதலில் பார்த்தேன். அதை இழக்க உனக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும்.

நம் ஆட்கள் முறைப்பாடு எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட மறுப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கும்; அவர்கள் அன்போடு கேட்டார்கள். இரவு வேலை முடித்து விடியத் திரும்பும் மூன்றாம் மாடி மாமா, ஒரு தட்டில் சுடச்சுட வடையோடு உன் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, நீ எங்கட பிள்ளை. உன்னைப்பற்றி ஆருக்கும் நாங்கள் எழுதுவமோ? நான் கண்ணயரேக்கை அந்தப் பீப் தொடங்குது. அதை மட்டும் நிப்பாட்டிவிடு, ராசாத்தி."

அடுத்த நாள் நீ டிராக்டரின் பின்பக்க மூடியைத் திறந்து, பின்னால் எடுக்கும்போது கத்தும் அந்த ஒலிப்பானின் வயரைக் கழற்றிவிட்டாய். வளாகம் அமைதியானது. மாமா யன்னலில் நின்று உனக்குக் கைகாட்டினார்.

அந்த அமைதி ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை. ஒரு காலை நீ எங்கள் சமையலறைக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்தாய். "ஒரு கிழவியை இடிக்கப் பாத்தனடி" என்றாய். தரைத்தளத்தில் இருந்த பார்வையற்ற நோர்வேஜிய மூதாட்டியை உனக்கு நினைவிருக்கும். நீ பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தடி தெரிந்திருக்கிறது. அமத்திய பிரேக்கில் சில்லு அவருக்கு ஓரடி முன்னால் நின்றிருக்கிறது. இறங்கி ஓடிய உன்னிடம் அவர் கோபிக்கவில்லையாம். "எஞ்சின் சத்தம் சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் கேட்கும். அந்தப் பீப்தான் நீ என் பக்கம் வருகிறாய் என்று எனக்குச் சொல்லும். இன்று நீ முன்னால் மட்டும் போகிறாய் என்று நினைத்தேன்" என்றாராம்.

எங்கள் வீட்டுக்கு வருமுன்பே நீ வயரைத் திரும்பப் பூட்டிவிட்டிருந்தாய். தேநீர் குடிக்கும்போது உன்னை உறுத்தியது மாமாதான். "ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எப்பிடி அந்த மனுசன்ரை முகத்திலை முழிக்கிறது?"

சனிக்கிழமை அவர் கீழே இறங்கி வந்தபோது நானும் உன்னுடன் நின்றேன். "என்ன பிள்ளை, திரும்பவும் கத்துது?" என்றார்.

"வயரைக் கழட்ட ஏலாது, மாமா," என்றாய். நடந்ததைச் சொன்னாய். அவர் முகம் வெளிறியது. ஆனால் நீ அத்தோடு திரும்பிப் போகவில்லை. அவரை முற்றத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், வாசலோரம் நின்ற கார்களைக் காட்டினாய். எல்லாம் நம் ஆட்களின் கார்கள். "இதுகள் நிக்கிறபடியால்தான் நான் ஒவ்வொருக்காவும் ரிவர்ஸ் எடுக்கிறன். இந்த இடம் வெறுமையா இருந்தா, சுத்தி வளைச்சு முன்னாலேயே போயிடுவன்."

"அந்தத் தூரத்துக் கராஜிலை இருந்து அரிசி மூட்டையோடை ஆர் நடக்கிறது?" என்றார் மாமா.

"தினமும் அரிசி மூட்டையோ வாங்கிறியள்?"

மேலே பல்கனியில் நின்ற மாமி சிரித்துவிட்டார். "இந்த மனுசன் பாண் வாங்கினாலும் காரை வாசல்லைதான் விடும், பிள்ளை! நல்லாக் கேள்!"

மாமா கார்த் திறப்பைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். பிறகு அவரே வீடு வீடாகப் போய் மணியடித்து மற்றக் கார்களையும் எடுக்கவைத்தார். அதன்பின் காலையில் அந்தச் சத்தம் எப்போதாவதுதான் கேட்கும். வசந்தத்தில் உன் வேலை நிரந்தரமானது. நோய் வரும்வரை நீ அந்த இருக்கையில்தான் இருந்தாய்.

நான் எல்லோருக்கும் ஓம் சொல்லியே வளர்ந்தவள். ஓம் சொல்ல முடியாத இடத்தில் மெதுவாக நழுவிவிடுவேன். போன கிழமை வேலையிடத்தில் ஒருவர், தனக்காக ஒரு சின்ன விதியைக் கண்டும் காணாமல் விடச் சொல்லிக் கெஞ்சினார். "ஏலாது" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு இருந்து, "வேற வழி பாப்பம்" என்றேன்.